ஐப்பசி மழையில் நம் ஊர்



திருநெல்வேலி என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருபவை இரண்டு: ஒன்று அல்வா, மற்றொன்று வெயில். வெயிலைப் பற்றி அவர்கள் சொல்வதில் மிகை ஏதுமில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் நோக்கி நடப்பவர்கள் மேலப்பாளையத்துத் தெருக்களில் சுவரோரத்து ஒரு சாண் நிழலைத் தேடித் தேடியே நடப்பார்கள். ஆனியிலும் ஆடியிலும் பொதிகைக்கு அந்தப் பக்கம் மலையாள நாட்டில் மழை கொட்டும்போது நமக்குக் கிடைப்பது காற்றும், அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் சாரலும்தான். இந்த ஊருக்கென்று வானம் எடுத்து வைத்திருக்கும் மழை வடகிழக்கிலிருந்து, ஐப்பசியில்தான் வருகிறது.

பிள்ளைகளின் ஆங்கிலப் பாடநூலில் இலையுதிர் காலம் என்று ஒரு பருவம் இருக்கிறது. செந்நிற இலைகள் பாதை முழுதும் கிடக்கும் படமும் உண்டு. நம் ஊர் மரங்கள் இலை உதிர்ப்பதோ மாசி, பங்குனியில். அந்தப் படத்தை நம் ஆண்டில் எங்கே பொருத்துவது என்று பிள்ளைகளுக்குக் குழப்பம். பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தார்கள். குளிர்ந்த வாடைக் காற்றின் காலம் அது. நம்முடைய இலையுதிர் காலத்தில் இலை உதிர்வதில்லை, துளிர்க்கிறது.

நம் ஹிஜ்ரி மாதங்களுக்கோ பருவம் கிடையாது. அவை ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன. 2000 முதல் 2004 வரை ரமளான் இந்த மழை மாதங்களை ஒட்டியே வந்தது. எங்கள் வயதினருக்கு அந்த நோன்புகள் நன்றாக நினைவிருக்கும். தாகம் தெரியாத நோன்புகள் அவை. அஸருக்குப் பிறகு தூக்குவாளியும் குடையுமாகப் பள்ளிவாசலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றதும், வீடு வந்து சேர்வதற்குள் மூடியின்மேல் விழுந்த மழைநீர் கஞ்சியில் வடிந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. இன்ஷா அல்லாஹ், 2030களின் நடுப்பகுதியில் ரமளான் மீண்டும் இந்த மாதங்களுக்குத் திரும்பும். அப்போது நோன்பு நோற்கப்போகும் பிள்ளைகள்தாம் இப்போது எங்களிடம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் கணவனும் மனைவியுமாக மதரசாவில் ஓதிக் கொடுப்பவர்கள். ஒருவர் ஆண்பிள்ளைகளுக்கு, மற்றவர் பெண்பிள்ளைகளுக்கு. இருவரும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்த ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எங்கள் இளைய மகளால் வந்தது. அதைச் சொல்வதற்கு 2023 டிசம்பரைச் சொல்லியாக வேண்டும்.

அந்த மாதம் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே மழை விடவில்லை. ஆற்றின் கீழ்க்கோடியில் காயல்பட்டினத்தில் மறுநாள் காலைக்குள் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்துவிட்டது என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய்ப் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்ட செய்தி நாடெங்கும் போனது. திருநெல்வேலி சந்திப்பில் படகுகள் ஓடின. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் தன் கதவைத் திறந்து, வீடிழந்த இந்துக் குடும்பங்களை நாள்கணக்கில் தங்கவைத்து உணவளித்ததை வாசகர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அல்லாஹ் அந்த ஜமாஅத்தாருக்கு பரக்கத் செய்வானாக.

எங்கள் தெரு கால்வாய்க்கு அருகில் தாழ்வாக இருப்பது. இரவு இஷாவுக்குப் பிறகு வாசல்படியைத் தாண்டிய தண்ணீர், நள்ளிரவில் கட்டில் சட்டத்தைத் தொட்டது. உயிருக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அரிசி, துணி, பாய், மெத்தை போனது பெரிதல்ல. மதரசாவின் கீழ்த்தட்டில் இருந்த முஸ்ஹஃபுகளும் கிதாபுகளும் நனைந்து ஊறிவிட்டன. வெயில் திரும்பிய பிறகு மொட்டை மாடியில் அவற்றை விரித்து, தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். மீட்க முடியாதவற்றைத் தூய துணியில் சுற்றிக் கால்மிதி படாத இடத்தில் அடக்கம் செய்தோம். அப்போது ஏழு வயதாயிருந்த எங்கள் மகள் அந்தக் குழியின் அருகில் ஒன்றும் பேசாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு மேகம் கறுத்தால் அவள் செய்யும் முதல் வேலை, தன் பள்ளிக்கூடப் பையையும் ஜுஸ்உ அம்மவையும் எடுத்து அலமாரியின் உச்சியில் வைப்பது. முக்காலி போட்டு ஏறி வைப்பாள். இரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து வந்து, "வாப்பா, தண்ணி உள்ள வருதா?" என்று கேட்பாள். சொந்தக்காரர்களோ, வீட்டை விற்றுவிட்டு மேட்டுப்பகுதிக்குப் போங்கள் என்றார்கள். ஷார்ஜாவில் இருக்கும் மச்சான், "இந்த ஊர்ல அப்படி என்ன இருக்கு? நீங்க ரெண்டு பேரும் இங்க வந்தா அரபிப் பாடம் எடுக்கலாமே" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் "என்ன இருக்கு" என்ற கேள்வி, பதில் சொல்லப்படாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

சென்ற ஆண்டு மகள் சூரா அல்முஃமினூன் பொருளோடு படித்துக்கொண்டிருந்தாள். வானிலிருந்து நீரைக் குறிப்பிட்ட அளவோடு இறக்கி, அதைப் பூமியில் தங்கவைத்ததாக அல்லாஹ் சொல்லும் இடம் வந்தது. அவள் ஓதுவதை நிறுத்திவிட்டு, "அளவோடதான் இறக்குறான்னா, அன்னைக்கு ஏன் உம்மா அவ்வளவு?" என்றாள்.

இருபது ஆண்டுகளாக ஓதிக் கொடுப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தயாராக ஒரு விடை நாக்கின் நுனியில் இருக்கும். சோதனை, பொறுமை, கூலி என்று மூன்று சொல்லில் முடித்துவிடலாம். அவை பொய்யல்ல. ஆனால் இருட்டில் கட்டில்மேல் நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்த்த குழந்தைக்கு அந்தச் சொற்களை அப்படியே எடுத்துக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு செய்திகளைச் சொன்னோம்.

முதலாவது அனஸ் (ரலி) அறிவிக்கும் சம்பவம். நபி (ஸல்) அவர்கள் வெள்ளிக்கிழமை குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து, வறட்சியால் கால்நடைகள் அழிகின்றன என்று முறையிட்டார். அவர்கள் கையேந்தினார்கள். மதீனாவில் மழை தொடங்கி ஒரு வாரம் விடாது பெய்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒருவர் எழுந்தார். இப்போது முறையீடு வேறு: வீடுகள் இடிகின்றன, உடைமைகள் மூழ்குகின்றன. அவர்கள் மறுபடியும் கையேந்தி, மழை தங்கள்மீது வேண்டாம், சுற்றிலும் உள்ள மேடுகளிலும் ஓடைகளிலும் மரம் வளரும் இடங்களிலும் பெய்யட்டும் என்று கேட்டார்கள். இந்தச் சம்பவத்தில் எங்களுக்குப் பிடித்தது இதுதான்: மழை போதும் என்று சொல்ல வந்தவரை யாரும் கண்டிக்கவில்லை.

இரண்டாவது ஆயிஷா (ரலி) அறிவிப்பது. வானில் கருமேகமோ பலத்த காற்றோ கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகத்தில் கவலை தெரியும். உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்கள். மழை பெய்துவிட்டால்தான் அந்தக் கவலை நீங்கும். ஆது சமுதாயத்தார் தங்களுக்கு மழை தரப்போகும் மேகம் என்று எண்ணி மகிழ்ந்ததுதான் அவர்களுக்கு வேதனையாக வந்தது என்பதை நினைவுகூர்ந்தே அவர்கள் அப்படி இருந்தார்கள்.

மகள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ மேகத்தைப் பார்த்து பயப்படலாமா?" என்றாள். பயப்படலாம் என்றோம். அதே நபி (ஸல்) அவர்கள், மழை பெய்தபோது மேலாடையைச் சற்று விலக்கி உடலில் மழை படும்படி நின்றதையும், அது இறைவனிடமிருந்து புதிதாக வந்தது என்று காரணம் சொன்னதையும் பிறகு சொன்னோம். பயந்தவரும் நனைந்தவரும் ஒருவரே என்பது அவளுக்கு வியப்பாயிருந்தது.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தோம். இந்த மழை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும், சுப்ஹு மதரசா முடிந்த பிறகு, பிள்ளைகளோடு ஊரைப் பார்க்கப் போவது. ஊட்டியோ மூணாறோ அல்ல, இந்த ஊரை. டவுன் பஸ்ஸும் இருசக்கர வாகனமும் போகும் தூரத்துக்குள். செலவு, அநேகமாக, வழியில் வாங்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் சுக்குக் காப்பிக்கும் மட்டும்.

முதலில் போனது வீட்டுக்குப் பின்னால் ஓடும் பாளையங்கால்வாய்க்குத்தான். பழவூர் அணைக்கட்டில் ஆற்றிலிருந்து பிரிந்து, மேலப்பாளையத்தின் ஊடே வந்து, பாளையங்கோட்டையைக் கடந்து வயல்களுக்கும் குளங்களுக்கும் போகும் கால்வாய் அது. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழும் பழங்காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. ஒவ்வோர் அணைக்கட்டும் கால்வாய்க்கு நீர் தர, கால்வாய் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். நீரைப் பூமியில் தங்கவைப்பது என்பதை மகளுக்கு இங்கேதான் காட்ட முடிந்தது. மழையை இறக்குவது அல்லாஹ். அது தங்குவதற்கு இடம் விட்டுவைப்பது மனிதர் கடமை. குளம் இருந்த இடத்தில் கட்டடமும், கால்வாயின் கரையில் குப்பையும் இருந்தால் வருகிற தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். அவள் கேட்ட கேள்விக்குப் பாதி விடை அந்தக் கரையில், நெகிழிப் பைகளுக்கு நடுவில் கிடந்தது.

அடுத்த வாரம் வண்ணார்பேட்டைப் பக்கம் சுலோசன முதலியார் பாலம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம் இது. தினமும் பஸ்ஸில் கடக்கிறோம். இறங்கி நின்று பார்ப்பவர் குறைவு. முன்பெல்லாம் இங்கே ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் அதுவும் கிடையாது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணம் சுமார் 50,000 ரூபாயைக் கொடுத்து இதைக் கட்டுவித்தார். 1843இல் திறக்கப்பட்டது. பதினொரு வளைவுகள். பின்னாளில் வெள்ளம் சில வளைவுகளைக் கொண்டுபோனது, திரும்பக் கட்டினார்கள். மழை நாளில் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்த்தால், செந்நீர் ஒவ்வொரு தூணிலும் மோதிப் பிளந்து மறுபடி சேர்ந்து போவது தெரியும். முதலில் மகள் சுவரருகே வரவில்லை. மூத்தவன் வளைவுகளை எண்ணத் தொடங்கவும், அவன் எண்ணிக்கை தவறு என்று நிரூபிப்பதற்காக வந்துவிட்டாள்.

மதரசாவில் நிலையான தர்மம் பற்றிய பாடம் நடத்தும்போது இந்தப் பாலத்தை உதாரணமாகச் சொல்வது எங்கள் வழக்கம். ஒரு தடவை பெற்றோர் ஒருவர், முஸ்லிமல்லாதவர் ஒருவரை இந்தப் பாடத்தில் சொல்லலாமா என்று கேட்டார். மறுமையின் கூலி அல்லாஹ்விடம் உள்ளது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆனால் 180 ஆண்டுகளுக்கும் மேலாக நம் மக்கள் இந்தப் பாலத்தின்மேல் நடந்துதான் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஜனாஸாவுக்கும் போயிருக்கிறார்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது ஹதீஸின் கருத்து. இதையே அவரிடமும் சொன்னோம்.

பாலத்துக்கு மேற்கே சற்றுத் தொலைவில் குறுக்குத்துறை. ஆற்றின் நடுவே இருக்கும் முருகன் கோயில்தான் இந்த ஊருக்கு வெள்ளத்தின் அளவுகோல். எந்தச் சமயத்தவராயினும் பெருமழை நாளில் முதலில் கேட்பது, "குறுக்குத்துறைக் கோயில் முங்கிட்டா?" என்பதே. 1992 நவம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். அப்போதும் எங்கள் வாப்பாமார் தெருமுனையில் நின்று இதைத்தான் கேட்டார்கள்.

டவுனில் நயினார்குளம் நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் காய்கறிச் சந்தையின் இரைச்சல், மறுபக்கம் நீர்க்காகங்களும் அரிவாள்மூக்கன்களும். சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகத்தைப் பார்த்த மூத்தவன், அது துஆ கேட்கிறது என்றான். சிறகு விரித்த பறவைகள் ஒவ்வொன்றும் தன் துதியையும் வணக்கத்தையும் அறிந்திருப்பதாக சூரா அந்நூர் கூறுவதால், அவன் சொன்னதை நாங்கள் மறுக்கவில்லை. அல்வாவைப் பற்றி எழுத வேண்டியதில்லை, வாசகர்களுக்குத் தெரியும். மழைக் குளிரில் இலைத்துண்டில் வைத்துச் சுடச்சுடத் தருவதற்கு இணை இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். எங்கள் உம்மா இருந்தவரை இந்த மாதங்களில் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் இருக்கும். இப்போது மாமியின் கையால் அது தொடர்கிறது.

பேட்டைக்கும் ஒரு நாள் போனோம். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபு 1896 ஜூன் 5ஆம் நாள் பிறந்த ஊர் அது. நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவரானாலும் வாழ்வின் பிற்பகுதியை நெல்லையில் கழித்து, 2019இல் இங்கேயே மறைந்தார். தலைநகருக்குப் போய்த்தான் பெரிய மனிதர்களைக் காண வேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் பஸ் நிறுத்தங்களிலேயே அவர்கள் நின்றிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மேலாக எங்களை நிறுத்திவைத்தது பத்தமடை. மேலப்பாளையத்திலிருந்து முன்னீர்பள்ளம், தருவை, கோபாலசமுத்திரம் வழியாக அம்பாசமுத்திரம் சாலையில் போக வேண்டும். பிசானப் பருவத்துக்கு நாற்றங்கால் பாவியிருந்த சமயம். சாலையின் இருபுறமும் உழுத வயலில் தண்ணீர் நிற்க, அதில் மேகமும் கொக்கும் தெரிய, மேற்கே பொதிகை இருக்க வேண்டிய இடத்தில் வெண்மூட்டம் மட்டும் இருந்தது.

பத்தமடைப் பாய் முடைவது பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பங்கள், பெண்களே அதிகம். ஆற்றோரங்களில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, கத்தியால் கீறி, ஓடும் ஆற்றுநீரில் ஏறத்தாழ ஒரு வாரம் ஊறப்போடுகிறார்கள். ஊறிய கோரை பருத்துவிடும். அதை மறுபடி காயவைத்து, மேலும் மெல்லியதாகக் கீறி, சாயமேற்றித் தறியில் இடுகிறார்கள். தறி என்றால் பெரிய இயந்திரம் அல்ல. தரையோடு தாழ்வாகக் கட்டியிருக்கும் எளிய அமைப்பு. சாதாரணப் பாய்க்கு முரட்டுப் பாவு. பட்டுப்பாய் என்று சொல்லும் நுண்ணிய பாய்க்கு 100 முதல் 140 எண் வரை போகும். அதைத் துணிபோல மடித்துவிடலாம். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது. அதை நெய்தவர்களும் இப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் குந்தியிருந்தே நெய்திருப்பார்கள்.

நாங்கள் போன வீட்டில் வயதான பெண்மணி ஒருவர் தறியில் இருந்தார். மழைக்காலத்தில் வேலை எப்படி என்று கேட்டோம். "வெயில் இல்லாட்டா கோரை காயாது, சாயம் பிடிக்காது. தண்ணி இல்லாட்டா கோரையே இல்ல. ரெண்டையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். 2023 வெள்ளத்தில் ஊறப்போட்டிருந்த கட்டுகள் அடித்துக்கொண்டு போனதையும் சொன்னார். மகள் அவர் அருகே போய் உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம் மறுபடியும் ஆத்துலதான் போட்டீங்களா?" என்று கேட்டாள். "வேற எங்கம்மா போட? ஆத்துத் தண்ணியில ஊறுனாத்தான் அது பாய்" என்றார் அவர், கை நிற்காமல். மகள் அங்கே ஒரு மணி நேரம் இருந்தாள். ஒரு கோரையை எடுத்துக் கொடுக்கும் வேலையை அவரே கேட்டு அவளுக்குத் தந்தார். திரும்பும்போது தொழுவதற்கு ஒரு சிறிய பாய் வாங்கினோம். வாங்கிய விலையும் அதற்குச் செலவான நாள்களும் எங்களுக்குச் சங்கடமாகவே இருந்தன. அடுத்த தலைமுறைப் பெண்கள் ஏன் இந்த வேலைக்கு வருவதில்லை என்று கேட்கத் தேவையில்லை. திருமணங்களில் சீராகக் கொடுக்கும் பொருள்களில், மணமக்கள் பெயர் நெய்த ஒரு பத்தமடைப் பாயையும் நம் குடும்பங்கள் சேர்த்துக்கொண்டால் நல்லது. மேல்நாட்டு மெத்தை நிறுவனங்கள் நம் ஒரு பாயால் நொடித்துப் போய்விட மாட்டா.

ஆற்றைப் பற்றி இன்பமாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. நகருக்குள் பல இடங்களில் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. படித்துறையில் பழந்துணிகளும் குப்பையும் மிதக்கின்றன. ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்வர். ஆனால் தேங்கிய நீரிலும், மக்கள் நீர் எடுக்கும் துறைகளிலும் அசுத்தம் செய்வதைத் தடுக்கும் ஹதீஸ்களில் ஐயமில்லை. மேலப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கழிவை மூட்டையாகக் கட்டிக் கால்வாயில் போடுவதை இந்த ஒரு பாடத்துக்காகவேனும் நிறுத்த வேண்டும். குத்பாவில் இதைப் பேச வேண்டும் என்று ஆலிம்களிடம் நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

கூதிர் காலத்துக்கு மார்க்கத்தில் இன்னொரு சிறப்பும் சொல்வார்கள்: பகல் குறுகியது, நோன்பு எளிது, இரவு நீண்டது, தஹஜ்ஜுதுக்கு நேரம் கிடைக்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே வேறுபாடு. அந்த ஒரு மணி நேரத்தில் பாதியைத் தூக்கம் எடுத்துக்கொள்கிறது என்பது வேறு. ஆனாலும் திங்கள், வியாழன் நோன்புகள் இந்த மாதங்களில் உண்மையாகவே எளிதாயிருக்கின்றன. குளிர்ந்த ஹவ்ளில் முழங்கை வரை நனைத்து ஒளூச் செய்யும்போது பிள்ளைகள் கத்தும் சத்தமும், சிரமத்திலும் ஒளூவை முழுமையாகச் செய்வதற்குப் பெரும் நன்மை இருக்கிறது என்று நாங்கள் சொன்னவுடன் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை செய்ய வருவதும் சுப்ஹு மதரசாவின் வழக்கமான காட்சி.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மேகம் கறுத்தால் பையை அலமாரிமேல் வைக்கும் பழக்கம் போகவில்லை, நாங்களும் தடுப்பதில்லை. வைக்கட்டும், அது அறிவான காரியம்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. புதிதாகச் சேர்ந்திருப்பது வேறொன்று. காலையில் செய்தித்தாள் வந்தவுடன் அணை நிலவரத்தை அவள்தான் முதலில் படிக்கிறாள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழுக் கொள்ளளவு மூன்றும் மனப்பாடம். இன்றைய மட்டம், வரும் நீர், திறந்துவிடும் நீர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுகிறாள். மதரசாவில் மற்றப் பிள்ளைகள் அவளிடம், "டேம் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். இரவில் எழுந்து வருவது குறைந்திருக்கிறது. எழுந்து வந்தாலும் கேள்வி மாறிவிட்டது: "மணிமுத்தாறு தொறந்துட்டாங்களா?"

வீட்டை விற்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை. பிசான அறுவடை முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசலாம் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறோம். தரைத்தளத்தை உயர்த்திக் கட்ட எவ்வளவு ஆகும் என்று ஒரு கொத்தனாரிடமும் கேட்டு வைத்திருக்கிறோம். இதற்கிடையே, கூந்தன்குளத்துக்கு வெகுதூரத்திலிருந்து பறவைகள் வரும் என்றும், அவை பயப்படும் என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் பட்டாசே வெடிப்பதில்லை என்றும் யாரோ மகளிடம் சொல்லிவிட்டார்கள். தை மாதம் அங்கே அழைத்துப் போக வேண்டுமாம். நோட்டில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கித் தலைப்பும் எழுதி வைத்துவிட்டாள்.